வேலைக்குப் போகலாம், ஆனால் எந்த வேலைக்கு? குடும்பம், சமூக நெறி, பெண்களின் சம்பளம்: ஓர் எளிய விளக்கம்

வேலூர் பக்கம் எந்த ஊரில் கேட்டாலும், பெண் வேலைக்குப் போவதே தப்பு என்று சொல்லும் வீடு இன்று அரிது. "போகட்டும், அதுல இன்னா இருக்குது" என்பார்கள். கூடவே நிபந்தனைகளும் வரும். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். கம்பெனி வேன் ஊருக்குள் வர வேண்டும். தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்களாவது கூடப் போக வேண்டும். மாமியாருக்கு முடியாத நாளில் லீவு கொடுப்பார்களா? இதில் ஒன்று இடித்தாலும் வேலை நின்றுவிடும். வளரும் நாடுகளில் பெண்கள் வேலைக்குப் போவது ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று புரிந்துகொள்ள இந்த நிபந்தனைகளிலிருந்து தொடங்குவது நல்லது. படிப்பு, கூலி, தொழிற்சாலைகளின் எண்ணிக்கை எல்லாம் முக்கியம்தான். ஆனால் அவை வீட்டு வாசலுக்கு வந்ததும் இந்தச் சல்லடையில்தான் விழுகின்றன.

சமூக நெறி என்பது என்ன?

அது சட்டம் இல்லை. ஒருவரின் சொந்தக் கருத்தும் இல்லை. நம்மைப் போன்ற குடும்பங்கள் என்ன செய்கின்றன என்று நாம் நினைப்பது அதில் பாதி. நாம் வேறு மாதிரி நடந்தால் அவர்கள் என்ன பேசுவார்கள் என்று நினைப்பது மீதி. மீறினால் தண்டனை உண்டு. புறணி பேசுவார்கள், தங்கைக்கு வரன் வருவது குறையும், பங்காளி வீட்டு விசேஷத்தில் முகம் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் மனைவி வேலைக்குப் போவதில் தனக்கு ஆட்சேபணையே இல்லாத கணவன்கூட, "எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு நிற்கிறான்.

அவனைப் போலவே தெருவில் இருக்கும் மற்ற ஆண்களும் நினைத்துக்கொண்டிருந்தால்? சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் திருமணமான இளம் ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பெரும்பாலானவர்கள் பெண்கள் வெளியே வேலை செய்வதை மனதளவில் ஆதரித்தார்கள். ஆனால் தங்களைச் சுற்றியுள்ளவர்களின் ஆதரவை மிகக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். உண்மையான எண்ணிக்கையைச் சொன்ன பிறகு, மனைவியின் பெயரை வேலைவாய்ப்புச் சேவையில் பதிவு செய்தவர்கள் கூடினார்கள். சில மாதம் கழித்து விசாரித்தபோது, அந்த மனைவிகளில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களும் கூடியிருந்தார்கள். இதை எல்லா ஊருக்கும் மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்றவர்கள் உண்மையாகவே எதிர்க்கும் இடத்தில் எண்ணிக்கையைச் சொன்னால் எதிர்ப்புதான் கெட்டிப்படும். முதலில் தனித்தனியாகக் கேட்டு, பிறகுதான் பொதுவில் பேச வேண்டும்.

கணக்கெடுப்பில் எங்கே தவறுகிறது

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கை நிற்காது. "இல்லீங்க, வீட்லதான் இருக்கேன்" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. 'போவது' என்றால் வாசலைத் தாண்டுவது. அவர் தாண்டவில்லை.

தேசிய அளவில் நடக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒருவரின் 'வழக்கமான நிலை' என்று ஒன்றைப் பார்க்கிறார்கள். கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார் என்பது முதன்மை நிலை. 30 நாளுக்குக் குறையாமல் வேறு வேலை செய்திருந்தால் அது துணை நிலை. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92 என்று குறியீடு. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுக்கே துணி தைப்பது போன்றவற்றையும் செய்பவருக்கு 93. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவருக்கு 21. ஆரணி பட்டுத் தறியில் கணவன் நெய்ய, மனைவி நூல் இழைத்து, தார் சுற்றிக் கொடுக்கிறார் என்றால் அவருக்கு 21 வர வேண்டும். கேள்வி கேட்பவர் அவசரப்பட்டால் 92 விழுந்துவிடும். கூலி கணவன் பெயரில் வருவதால் வீட்டிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18-இல் 23.3 சதவீதம். 2023-24-இல் 41.7 சதவீதம். பெரிய ஏற்றம்தான். ஆனால் அதில் கணிசமான பங்கு கிராமங்களில் சுயதொழிலாகவும் சம்பளமில்லாத உதவியாளராகவும் கணக்கில் ஏறியது. மாதச் சம்பள வேலை அந்த வேகத்தில் பெருகவில்லை. எண்ணிக்கை கூடியது என்றதும் கைதட்டுமுன், எந்தக் குறியீட்டில் கூடியது என்று பார்த்துவிட வேண்டும்.

நிபந்தனை வேலையைத் தேர்ந்தெடுக்கிறது

பழைய வட ஆற்காடு மாவட்டம் இதைப் பார்க்க நல்ல இடம். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. நெல், மல்லாட்டை (நிலக்கடலை), கைத்தறி, பீடி, தோல், ஷூ, ஆஸ்பத்திரி எல்லாம் அடுத்தடுத்து இருக்கும் நிலப்பரப்பு. ஒவ்வொரு வேலையும் நிபந்தனைகளில் எதற்கு விடை தருகிறது என்று பார்த்தால், அதில் யார் இருக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

பீடியில் வாசல் தாண்ட வேண்டியதில்லை. இலையை நனைத்து, ஈரத்துணியில் வைத்து, அளவுத் தகடு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்க வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பழகிய கை முழுநாள் உட்கார்ந்தால் ஆயிரத்தைத் தொடும். சமையல், குழந்தை, தண்ணீர் என்று நடுவில் எழுந்தால் ஐந்நூறு, அறுநூறோடு நிற்கும். இலை மோசமாக வந்தால் நஷ்டம் சுற்றுபவருக்கு, 'கழிவு' என்று தள்ளும் பீடிக்குக் கூலி கிடையாது. இன்னொரு சிக்கல், கூலிக் கணக்கு எழுதும் கம்பெனிப் புத்தகம் ஒருவர் பெயரில்தான் இருக்கும். அம்மாவும் இரண்டு மகள்களும் சுற்றினாலும் வருங்கால வைப்பு நிதி அந்த ஒரு பெயருக்கே. மகள்கள் காகிதத்தில் இல்லை. வெளியே போகக் கூடாது என்ற நெறிக்கு அந்த வீடு கொடுக்கும் விலை இது. குறைந்த கூலி, பேரம் பேசக் கூட்டமில்லாமை, புகையிலைத் தூள். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசம் இதில் பெரிதாக இல்லை.

வயல் வேலையில் நெறி வேறு மாதிரி வேலை செய்கிறது. நாற்று நடவு, களையெடுப்பு, மல்லாட்டை பறிப்பது பெண்களுக்கு. ஏர் ஓட்டுவது, அண்டை (வரப்பு ஓரம்) வெட்டுவது ஆண்களுக்கு. பெண்கள் கூட்டமாகப் போகிறார்கள், ஊர் எல்லைக்குள் இருக்கிறார்கள். தலித் பெண்களும் நிலமற்ற பிற சாதிப் பெண்களும் தலைமுறைகளாக இதைச் செய்துவருகிறார்கள். அவர்களை 'வீட்டோடு இரு' என்று யாரும் சொன்னதில்லை, சொல்லும் வசதியும் இருந்ததில்லை. கொஞ்சம் நிலம் சேர்ந்ததும் வீட்டுப் பெண்களை வயலிலிருந்து நிறுத்துவது அந்தஸ்தின் அடையாளமாகிவிடுகிறது. 'குடும்பப் பெண்' என்ற பட்டம் சில வீடுகளில் மற்ற வீட்டுப் பெண்களின் கூலி உழைப்பின் மேல்தான் நிற்கிறது.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நூறு நாள் வேலை தமிழ்நாட்டில் பெண்களின் வேலையாகவே ஆனதற்குக் காரணமும் இதே கணக்குதான். 5 கிலோமீட்டருக்குள் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, கூலி கொடுப்பது அரசு, கூட இருப்பவர்கள் தெருக்காரர்கள். தனியார் நிலத்தில் யாருக்கோ கீழே குனிவது இல்லை என்பதால், வயலுக்கு அனுப்பாத வீடுகளும் ஏரி வேலைக்கு அனுப்பின.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் மேல்பகுதி தைக்கும் கூடங்கள் பெண்களால் நிறைந்திருக்கின்றன. தோலின் ஓரத்தை மெலிதாக்குவது, பசை தடவி மடிப்பது, தைப்பது எல்லாம் வரிசையாக உட்கார்ந்து செய்யும் வேலை. தோல் பதனிடும் டேனரியின் ஈர வேலையும் டிரம் வேலையும் ஆண்களுடையது. ஒரு கூடத்தில் பெண்கள் பெரும்பான்மை ஆனதும் 'யாரோடு' என்ற நிபந்தனை தானாகத் தீர்கிறது. ஊர் ஊராக வரும் கம்பெனி பஸ் 'எப்படிப் போவது' என்பதைத் தீர்க்கிறது. பஸ்ஸை நிறுத்திப் பார்த்தால் தெரியும், கூலியை உயர்த்தினாலும் பலர் திரும்ப மாட்டார்கள்.

நெறி பெண்களுக்கு வேலையை உண்டாக்கியும் இருக்கிறது. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு ஒரு மிஷனரி மருத்துவரின் வீட்டுக்கு வந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று மறுத்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துவந்து 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு சிகிச்சை தொடங்கினார். 1909-இல் செவிலியர் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண் மாணவர்கள் சேர்ந்தது 1947-இல்தான். ஆணிடம் காட்ட மாட்டோம் என்ற பிடிவாதம் பெண் மருத்துவருக்கும் செவிலியருக்கும் இடம் திறந்தது. இன்றும் பாருங்கள், ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணைப் பற்றி ஊர் அதிகம் பேசாது. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் என்றால் பேசும். கடிகாரத்தில் நேரம் ஒன்றுதான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் பெண்களை இரவு 7 முதல் காலை 6 வரை வேலை வாங்கக் கூடாது என்று தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் விலகியது, வீட்டு நிபந்தனை இன்னும் விலகவில்லை.

வயதுக்கு ஒரு நெறி

ஒரே பெண்ணுக்கு 20 வயதில் ஒரு விதி, 25-இல் ஒரு விதி, 38-இல் இன்னொன்று. கல்யாணத்துக்கு முன் கம்பெனி வேலைக்கு எளிதாக அனுமதி கிடைக்கிறது. சம்பளம் நகையாகவும் சீராகவும் மாறும் என்ற எதிர்பார்ப்பு அதற்குக் காரணம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடுதியில் தங்கவும் அனுப்புகிறார்கள். நிச்சயதார்த்தத்தோடு வேலை நிற்கிறது. வைப்பு நிதியின் 1952-ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே, கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு இரண்டு மாதக் காத்திருப்பு இல்லாமல் பணம் எடுக்க விலக்கு எழுதியிருந்தது. நெறி விதிமுறைக்குள் புகுந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு சிலர் திரும்ப வருகிறார்கள். ஆனால் பழைய கம்பெனிக்கு அல்ல, கிட்டே கிடைக்கும் குறைந்த கூலி வேலைக்கு. இடைவெளியில் அனுபவமும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) வேண்டிய 5 ஆண்டுத் தொடர் பணிக் கணக்கும் போய்விடுகின்றன.

கணவனின் வருமானமும் இதில் சேர்கிறது. அவருக்கு நல்ல வேலை அமைந்ததும் மனைவி நின்றுவிடுவதை வருமான விளைவு என்பார்கள். ஒரு நாடு ஏழ்மையிலிருந்து வளரத் தொடங்கும்போது பெண்களின் உழைப்புப் பங்கு முதலில் குறைந்து, படிப்பும் அலுவலக வேலைகளும் பெருகிய பிறகு ஏறும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கிளாடியா கோல்டின் விளக்கினார். பெண்களின் வேலைவாய்ப்பு பற்றிய ஆய்வுகளுக்காக 2023-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. மழை பொய்த்த வருஷத்தில் பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போனால் அது முன்னேற்றமில்லை, நெருக்கடி.

வீட்டின் கணக்கும் அதிலுள்ள பிழையும்

2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். வீட்டு வேலையில் கை கொடுக்கும் ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் இது 289, 88. இருபாலருக்கும் குறைந்திருக்கிறது, இடைவெளி அப்படியே இருக்கிறது. இதை ஷிப்டோடு சேர்த்துப் பாருங்கள். காலை 7.15-க்கு வேன் ஏறி மாலை 6.45-க்கு இறங்கினால் பதினொன்றரை மணி நேரம். வீட்டு வேலைக்கு ஐந்து. மிச்சம் ஏழரை மணி நேரத்தில் தூக்கம், குளியல், சாப்பாடு, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் அடங்க வேண்டும். மூன்றாவது மாதத்தில் உடம்பு முடியாமல் நிற்பவர்களைச் 'சோம்பேறி' என்று எழுதும் மேலாளர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பணக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. மாதச் சம்பளம் 11,000 என்று வைத்துக்கொள்வோம். முழுச் சம்பளத்துக்கும் வைப்பு நிதி 12 சதவீதம் பிடித்தால் 1,320. ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 83 ரூபாய். கையில் 9,597. குழந்தையைப் பார்க்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 2,000, வேன் தவறிய நாள் ஆட்டோவுக்கு 300, மாவு, டிபன் என்று வெளியே வாங்குவதில் 800. மீதி 6,497. "இதுக்கா இவ்ளோ அவஸ்தை?" என்று வீட்டில் கேட்பார்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு பிழை. குழந்தை இருவருக்கும் பொது. செலவை அவள் சம்பளத்தில் மட்டும் கழிப்பது ஏன்? அதுவே ஒரு நெறிதான், கணிதம் இல்லை. அடுத்தது, பிடித்தம் போனது செலவு என்று நினைப்பது. 1,320 அவள் கணக்கில் சேர்கிறது, முதலாளியின் பங்கும் சேர்கிறது. 0.75 சதவீதத்துக்கு ஈஎஸ்ஐ மருத்துவமும், உரிய பங்களிப்பு நாட்கள் இருந்தால் 26 வாரப் பேறுகாலச் சம்பளமும் வருகின்றன. சம்பளச் சீட்டை வீட்டில் யாராவது ஒரு முறை உட்கார்ந்து வாசித்தாலே பேச்சு மாறும்.

மாமியார் இதில் தடையா, துணையா? இரண்டும்தான். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், மாமியாரோடு வாழும் மருமகள்களுக்கு வெளியில் நெருங்கிய தோழிகள் குறைவாக இருந்தது தெரிந்தது. வேலைச் செய்தி தோழிகள் வழியாகத்தான் வருகிறது என்பதால் அது பெரிய இழப்பு. ஷூ கம்பெனி ஊர்களிலோ கைக்குழந்தையை விட்டுவிட்டு வேன் ஏறுபவருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மாமியாரோ அம்மாவோ இருப்பார். அங்கன்வாடி பிற்பகலிலேயே மூடிவிடும், ஷிப்ட் மாலையில்தான் முடியும். அந்த இடைவெளியை நிரப்புவது ஒரு மூத்த பெண்ணின் கூலியில்லாத உழைப்பு. அவர் படுத்துவிட்டால் வேலை நிற்கும்.

எது நெறியைத் தளர்த்துகிறது?

பேசிப் பேசி மனதை மாற்றினால் வேலைக்கு அனுப்புவார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. அனுபவமும் ஆய்வும் பெரும்பாலும் வேறு வரிசையைக் காட்டுகின்றன. கண்முன் வேலை வந்தால் மனம் பின்னால் வருகிறது. டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு கால் சென்டர் ஆளெடுப்பவர்களை மூன்று ஆண்டு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே இளம்பெண்கள் வேலைக்கோ படிப்புக்கோ போவது கூடியது, கல்யாணம் தள்ளிப்போனது. வங்கதேசத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் தூரத்தில் இருந்த கிராமங்களிலும் பெண் பிள்ளைகளின் திருமண வயது உயர்ந்தது.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதும் கனமான விஷயம். மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலி, குடும்பத் தலைவர் என்று ஆணின் கணக்குக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆய்வில் பெண்களுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, அதை இயக்கக் கற்றுக்கொடுத்து, கூலியையும் அதிலேயே போட்டார்கள். அவர்கள் முன்பைவிடக் கூடுதலாக வேலைக்குப் போனார்கள். பெண்கள் வேலை செய்வது பற்றி அவர்களுக்கே இருந்த கட்டுப்பாடான எண்ணமும் தளர்ந்தது. கணக்கு மட்டும் தொடங்கிக் கொடுத்து, கூலியைப் பழைய இடத்துக்கே அனுப்பினால் அந்தப் பலன் வரவில்லை.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்குப் போவது என்பதற்கு முன் வேலை தேடிப் போவது என்று ஒன்று உண்டு. அதற்குக் கணவனிடம் பஸ் காசு கேட்க வேண்டியதில்லை என்பதே பாதித் தடையை எடுத்துவிடுகிறது. மீதி, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதில் இருக்கிறது.

விசாரிக்கும்போது, பயிற்சி நடத்தும்போது

சுயஉதவிக் குழுவோ, கம்பெனியோ, களஆய்வு செய்யும் மாணவரோ முதலில் செய்யும் தவறு, "வேலைக்குப் போக விருப்பமா?" என்று கூட்டத்தில் கேட்பது. எல்லாரும் ஆமாம் என்பார்கள். தையல் மிஷின் பயிற்சி மூன்று மாதம் நடக்கும், சான்றிதழ் கொடுப்பார்கள், வேலையில் சேர்பவர்கள் கைவிரலில் அடங்குவார்கள். தனியாகக் கேட்க வேண்டும், குறிப்பாகக் கேட்க வேண்டும். கடந்த ஒரு வருஷத்தில் காசுக்காகவோ குடும்பத் தொழிலுக்காகவோ என்னென்ன செய்தீர்கள் என்று தொடங்கி, பீடி, தறி, மாடு, பூ கட்டுவது என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். பிறகு, எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், யாரோடு போகலாம், எந்தச் சாலை வரைக்கும் தனியாகப் போயிருக்கிறீர்கள், குழந்தையை யார் பார்ப்பார்கள், யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும். சொல்வதும் கேட்பதும் வேறு வேறு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஒரே நிபந்தனை இடித்தால் அதை மட்டும் சரிசெய்தால் போதும், பயிற்சியை நீட்டத் தேவையில்லை.

பாலியல் தொல்லை பற்றிக் கேட்டால் மௌனம்தான் கிடைக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பொதுவாக 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் பலர் புகார் எழுதாததற்குக் காரணம் கம்பெனி மேல் உள்ள பயம் மட்டுமில்லை. விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் "நீ போனது போதும்" என்பதுதான் தீர்ப்பாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எனவே புகார்க் குழு விசாரணைக் கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்புவது, கணவனைக் கூப்பிட்டுப் பேசுவது போன்றவற்றைத் தவிர்த்தாலே புகார்கள் வெளியே வரும்.

கடைசியாக ஒரு சின்னக் காரியம். வேலையில் சேரும்போது வங்கிக் கணக்கு, ஆதார், வைப்பு நிதி எண் மூன்றிலும் எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல பெண்களுக்கு அது கணவனுடையது, அண்ணனுடையது. கணக்கு அவள் பெயரில் இருந்தாலும் ஓடிபி அவன் கைக்குப் போகிறது. தன் எண்ணைக் கொடுத்து ஆதார் சேவை மையத்திலும் வங்கியிலும் மாற்றிக்கொள்ள அரை நாள் ஆகும். முதல் சம்பளம் ஏறுவதற்கு முன் செய்தால் அது வெறும் படிவம் நிரப்பும் வேலை. கணக்கில் ஐம்பதாயிரம் சேர்ந்த பிறகு எண்ணை மாற்றக் கேட்டால் வீட்டில் அது வேறு பேச்சாகிவிடும்.